2028 வருவதற்குள் அந்தப் பழைய டேப்புகளைத் தேடி எடுத்து வையுங்கள்

வார்னர், சோனி இசை நிறுவனங்களில் பழைய ஒலிப்பதிவுகளுக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கிளட்ச் என்று ஒரு ராக் இசைக்குழு ஒரு காலத்தில் உங்கள் கம்பெனிகளில் இருந்தது. உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்காது, அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நீங்கள் வேலைக்குச் சேரும் முன்பே அவர்கள் வெளியே போயிருப்பார்கள்.

மேரிலாண்ட் மாநிலத்து ஜெர்மன்டவுன்காரர்கள். 1991இல் தொடங்கிய குழு. பாட்டுக்கு நீல் ஃபாலன், கிட்டாருக்கு டிம் சல்ட், பேஸுக்கு டான் மெயின்ஸ், டிரம்ஸுக்கு ழான்-பால் காஸ்டர். இன்றைக்கும் அதே நாலு பேர்தான். 1993இலும் 1995இலும் வந்த முதல் இரண்டு ஆல்பங்கள் வார்னரின் அட்லாண்டிக் கம்பெனியின் கிளையான ஈஸ்ட்வெஸ்டில், 1998இல் வந்த 'தி எலிஃபன்ட் ரைடர்ஸ்' சோனியின் கொலம்பியா கம்பெனியில், 2001இல் 'பியூர் ராக் ஃப்யூரி' மறுபடி அட்லாண்டிக்கில். ஒரு வீட்டில் சாமான் இறக்கி அடுக்குவதற்குள் அடுத்த வீடு பார்க்கச் சொன்ன மாதிரி. உங்களுக்கும் இந்தக் குழுவை எந்த அலமாரியில் வைப்பதென்று தெரியவில்லை போல. மெட்டல் என்றால் டிரம்ஸ் துள்ளுகிறது, காஸ்டரின் தாளத்தில் வாஷிங்டன் தெருக்களின் கோ-கோ இசை கேட்கிறது. ப்ளூஸ் என்றால் கிட்டார் சுவரை இடிக்கிறது.

அப்புறம் 2004 முதல் 2007 வரை மூன்று ஆல்பங்களை ஒரு சின்ன கம்பெனியில் போட்டார்கள், அங்கே ராயல்டி பணத்தில் தகராறு. போதும்டா சாமி என்று வெதர்மேக்கர் என்ற பெயரில் சொந்தக் கம்பெனி தொடங்கி, 2009 ஆல்பம் முதல் எல்லாவற்றையும் அதில்தான் போடுகிறார்கள். தகராறில் சிக்கிய அந்த மூன்றின் உரிமையையும் மீட்டு 2010, 2011இல் தாங்களே மறுபடி வெளியிட்டார்கள். 2013இல் வந்த 'எர்த் ராக்கர்' அமெரிக்காவின் பில்போர்டு 200 ஆல்பப் பட்டியலில் 15ஆம் இடத்திலும், 2015இல் வந்த 'சைக்கிக் வார்ஃபேர்' 11ஆம் இடத்திலும் நுழைந்தன. உங்கள் விளம்பரப் பிரிவு கையில் இருந்தபோது அந்த உயரத்தை எட்டிக்கூடப் பார்க்காத குழு இது!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 203ஆம் பிரிவு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எழுதிக் கொடுத்த உரிமையை, படைத்தவர் 35 ஆண்டுக்குப் பிறகு திரும்பக் கேட்கலாம், குறைந்தது இரண்டு ஆண்டு முன்னால் நோட்டீஸ் கொடுத்தால் போதும். 1993உடன் 35ஐக் கூட்டினால் 2028. ஆனால் இப்படிக் கேட்பவர்களிடம் இசைக் கம்பெனிகள் வழக்கமாக என்ன சொல்லும் என்பதும் ஊரறிந்த கதை: அது கூலிக்குச் செய்த வேலை, உரிமை முதலிலிருந்தே எங்களுடையது, வேண்டுமானால் கோர்ட்டுக்கு வா. இந்தக் குழு கேட்டால் தயவுசெய்து அந்தப் பதிலைச் சொல்லாதீர்கள். கேட்பார்களா என்று எனக்குத் தெரியாது, அவர்கள் சார்பில் பேச என்னை யாரும் அனுப்பவுமில்லை.

அந்தப் பாட்டுகளுக்கு இத்தனை வருடமாகச் சோறு போட்டது யார் என்று பாருங்கள். கிளட்சில் ஒரு வழக்கம் உண்டு, ஒவ்வொரு ராத்திரியும் என்னென்ன பாட்டு என்று நாலு பேரும் முறைவைத்து எழுதுவார்கள், ஆளுக்கொரு நாள். அதனால் 1995 ஆல்பத்தின் 'ஸ்பேஸ்கிராஸ்' எந்த ஊரில் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்துவிட்டால், டிம் சல்ட் தலையைக் குனிந்தபடி கிட்டாரை மெல்ல மெல்ல இழுப்பார், கூட்டம் முதல் இரண்டு சுரத்திலேயே கண்டுபிடித்துக் கத்தும், அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். ஏழு நிமிடத்தைத் தொடும் பாட்டு, ரேடியோவுக்கு ஆகாது. முப்பது வருடமாக வேனிலும் பஸ்ஸிலும் ஊர் ஊராகக் கொண்டுபோய் அதை உயிரோடு வைத்திருப்பது அவர்கள்தான். நீங்கள் அந்த ஆல்பத்துக்குக் கடைசியாகச் செலவழித்தது எப்போது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதில் என் சுயநலம் இருக்கிறது. வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கப்படி அந்தச் சட்டம் அமெரிக்க உரிமையை மட்டும்தான் திருப்பித் தரும். என்னைப் போல வெளிநாட்டில் உட்கார்ந்து கேட்கிறவனுக்கு உரிமையாளர் நீங்களேதான், ஒலிப்பதிவு டேப்புகளும் உங்கள் கிடங்கிலேயே கிடக்கும். ஆகவே சட்டம் சொல்லும் அளவோடு நிறுத்தாமல், நான்கு ஆல்பங்களையும் எல்லா நாட்டுக்கும் சேர்த்து, டேப்போடு கொடுத்துவிடுங்கள். சும்மா கொடுக்க மனமில்லை என்றால் ஒரு நியாயமான விலை சொல்லுங்கள். எதற்கும், பெட்டிகள் எந்தக் கிடங்கில் எந்த வரிசையில் இருக்கின்றன என்று இந்த வாரமே யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அந்த நான்கு ஆல்பங்களையும் காசு கொடுத்து வாங்கிய ஒருவன்