ஆற்றை அளக்கக் கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ஆற்றின் நீர்மட்டத்தையும் நீரோட்டத்தையும் பதியும் நம் வேலை, வெள்ளக் காலத்தையும் விட்டுப்போகாமல் கடந்திருக்கிறது. அதைச் சாத்தியமாக்கியவர்களுக்கு எல்லோரும் அறிய நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

முதலில், காலையும் மாலையும் ஆற்றில் நட்டிருக்கும் அளவுகோல் பலகையில் நீர்மட்டத்தைப் பார்த்து எழுதியவர்கள். மட்டத்தைத் தானாகவே பதியும் சென்சார் இருக்கும்போது கண்ணால் எதற்குப் பார்க்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள். சென்சார் குழாயில் வண்டல் அடைத்துக்கொண்டால், ஆறு ஏறினாலும் அது பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். இந்தமுறை அப்படித்தான் நடந்தது. காட்டிக்கொடுத்தது உங்கள் நோட்டுப் புத்தகம். 'அலை அடிக்கிறது, நடுமட்டம் குறித்தேன்', 'பலகையில் கிளை சிக்கியிருக்கிறது' என்று ஓரத்தில் எழுதி வைத்தீர்களே, எந்த எண்ணை நம்பலாம் என்று அவைதான் சொல்லின.

மட்டம் தெரிந்தால் மட்டும் போதாது; வினாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்பது தனி வேலை. கரைக்குக் கரை கயிறு கட்டி, ஆற்றின் அகலத்தை இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆழமும் வேகமும் எடுத்தவர்களை நினைத்தால் நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் மேலிருந்து 0.6 பங்கு ஆழத்தில் வேகத்தை ஒருமுறை அளந்தீர்கள்; ஆழமான இடத்தில் 0.2, 0.8 பங்கு ஆழங்கள் இரண்டிலும் அளந்து சராசரி எடுத்தீர்கள். இழுக்கிற தண்ணீரில் மீட்டர் பொருத்திய கம்பியை நேராகப் பிடித்தபடி, நீரின் வேகத்தைக் காட்டும் அந்த மீட்டர் சுற்றுவதை ஒவ்வொரு புள்ளியிலும் 40 வினாடி எண்ணினீர்கள். அவசரப்பட்டு ஒரு புள்ளியைக்கூடத் தாண்டவில்லை.

வெள்ளத்தன்று பாலத்தில் நின்றவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! மட்டத்தை நீரளவாக மாற்றித் தரும் வரைகோட்டின் மேல்பகுதி அதுவரை வெறும் ஊகம்தான். உச்ச வெள்ளத்தில் ஒருமுறையாவது அளந்தால்தான் அது உறுதிப்படும். ஒரே மட்டமாக இருந்தாலும் வெள்ளம் ஏறும்போது ஓடும் நீர் வடியும்போது ஓடுவதைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்பதால், இரண்டு நேரத்திலும் அளந்தீர்கள். 'யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது' என்று கடைசிவரை விடாப்பிடியாக நின்ற அக்காவுக்குத் தனி நன்றி. மிதவையை விட்டு மேற்பரப்பு வேகத்தைக் கணக்கிட்டு, அதை 0.85-ஆல் பெருக்கிக் கிடைத்த சராசரி வேகம், மீட்டரால் எடுக்கும் அளவுக்கு ஈடாகாதுதான். ஆனாலும் எல்லோரும் பத்திரமாக வீடு திரும்பினோம். எனக்கு அதுதான் பெரிது.

வெள்ளம் வடிந்ததும் லெவல் கருவியுடன் வந்து, கரையிலுள்ள நிலைக்குறியோடு (உயரம் தெரிந்த, அசையாத அடையாளத்தோடு) பலகையை ஒப்பிட்டுப் பார்த்த சர்வேயர் அண்ணனுக்கு நன்றி. பலகை சற்றே இறங்கியிருந்ததை அவர் கண்டுபிடிக்காவிட்டால், அதன்பின் எழுதிய அத்தனையும் பிழையாகியிருக்கும்.

படகு தந்தவர்கள், டார்ச் பிடித்தவர்கள், எண்களை உட்கார்ந்து சரிபார்த்தவர்கள், இரவில் கண்விழித்துக் காத்திருந்த வீட்டார் அனைவருக்கும் நன்றி.

வெள்ளம் மணலை அள்ளிப்போட்டு ஆற்றுப்படுகையை மாற்றிவிட்டது. பழைய வரைகோடு தாழ்ந்த மட்டங்களுக்கு இனிப் பொருந்தாது. தண்ணீர் வற்றுவதற்குள் மறுபடி அளக்க வேண்டும். கயிறு பிடிக்க ஆட்கள் தேவை. முடிந்தவர்கள் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
ஆற்று அளவீட்டுக் குழுவிலிருந்து