அப்பாவின் கண்ணைப் பார்த்து மூளையைக் காப்பாற்றியவர்களுக்கு

அப்பா வீட்டுக்கு வந்து 12 நாளாகிறது. ஆஸ்பத்திரி ஓட்டத்தில் யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதலில் கண் டாக்டர் அம்மாவுக்கு. இடது கண்ணுக்குப் பின்னால் வலி, இமை சரிகிறது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றார் அப்பா. கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் உங்களிடம் வந்தோம். நீங்கள் டார்ச் அடித்தபோது அந்தக் கண்மணி மட்டும் சுருங்காமல் விரிந்தே இருந்தது. "இது கண் கோளாறு மாதிரி இல்லை, மூளையில் ரத்தக்குழாய் வீங்கி நரம்பை அழுத்தலாம், வீட்டுக்குப் போகாதீங்க, இப்படியே எமர்ஜென்சிக்குப் போங்க" என்று சொல்லி, அங்கே நீங்களே போன் பண்ணியும் வைத்தீர்கள். சி.டி. ஆஞ்சியோ என்ற ரத்தக்குழாய் ஸ்கேனில் நீங்கள் சொன்ன இடத்திலேயே வீக்கம், அதுவும் வெடிக்கும் முன்பே கண்டுபிடித்தாயிற்று. ஒரு ராத்திரி தள்ளிப்போட்டிருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

அப்புறம் இதய டாக்டரும் மூளை டாக்டரும். அப்பாவுக்கு இதயத் தமனியிலும் ஒரு பகுதி, பக்கத்தில் இருக்கும் நல்ல பகுதியைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் அகன்றிருப்பது முன்பே தெரியும். அங்கே ரத்தம் மெதுவாக ஓடி உறைந்துவிடக் கூடாது என்று மாத்திரை சாப்பிட்டு வந்தார். மூளையில் வெடித்தால் அதே மாத்திரை ரத்தக்கசிவை அதிகமாக்கிவிடுமே, நிறுத்தினால் இதயம் என்னாகும்? நாங்கள் கேட்கத் தெரியாமல் நின்ற கேள்வியை நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவெடுத்து, எங்களுக்குப் புரிகிறவரை படம் வரைந்து காட்டினீர்கள். தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, வீக்கத்துக்குள் பிளாட்டினம் கம்பிச் சுருளை நிரப்பி அடைத்ததை அந்தப் படத்தால்தான் அம்மா பயப்படாமல் ஏற்றுக்கொண்டார்.

ஐசியூ சிஸ்டர்களே, ராத்திரி முழுக்க அப்பாவை எழுப்பி எழுப்பிப் பேர் கேட்டு, கையை அழுத்தச் சொல்லி, கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தீர்கள். அவர் எரிந்து விழுந்தபோதும் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அவர் சார்பில் நான் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவின் நண்பர்களே, அவர் சிகரெட்டை விட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் நீங்களும் கூடவே விட்டீர்களே, அதை எப்படிச் சொல்வது! இந்த வீக்கத்துக்குப் புகையும் பிபியும் எவ்வளவு கெடுதல் என்று இப்போதுதான் எங்களுக்குப் புரிகிறது.

டாக்டர் அம்மா, இமை பாதி தூக்கிவிட்டது. நரம்பு தேற மாதக்கணக்கில் ஆகலாம் என்றார்கள். அடுத்த வாரம் அப்பாவைக் கூட்டி வருகிறேன், நீங்களே பாருங்கள்.