‘எல்லாவற்றையும் ஸ்ட்ராட்டா பார்த்துக்கொள்ளும்’ என்று எழுதாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதன்முறையாக வீடு வாங்குவோருக்கென்று சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி: ‘யூனிட் வாங்கினால் பராமரிப்புக் கவலை இல்லை, எல்லாவற்றையும் ஸ்ட்ராட்டா பார்த்துக்கொள்ளும்.’ அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. சிட்னி வெஸ்ட்மீட்டில் பதினொரு வருடமாக யூனிட்டில், அதாவது அடுக்குமாடி வீட்டில், இருக்கிறேன். இங்கே ஸ்ட்ராட்டா, அதாவது கட்டடத்தின் பொதுப் பராமரிப்பையும் செலவையும் நடத்தும் அமைப்பு, எப்படி நடக்கிறதென்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த வரியை எப்படி விட்டீர்கள்?

ஸ்ட்ராட்டா என்பது வேறு யாரும் இல்லை, நாங்கள்தான். கட்டடத்தின் உரிமையாளர் எல்லோரும் சேர்ந்ததுதான் அந்த அமைப்பு. ஸ்ட்ராட்டா முகாமையாளர் எங்கள் காசில் எங்களுக்காக வேலை செய்யும் முகவர். 1961இல் இதற்கென்று சட்டம் கொண்டுவந்து, சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் முன்மாதிரியாக இருந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இது. அப்படிப்பட்ட இடத்தில் எங்கள் சனம் முகாமையாளரை முதலாளியாகவும் தங்களை வாடகைக்கு இருப்பவர்களாகவும் நினைத்துக்கொண்டு இருக்கிறது. உங்கள் கட்டுரை அந்த நினைப்பைத்தான் வளர்க்கிறது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். 2022இல் எங்கள் 42 யூனிட் கட்டடத்தின் காப்புறுதிக் கட்டணம் 31,000 டொலரிலிருந்து 47,000 ஆனது. பொதுக்கூட்டத்தில் எழும்பி, எத்தனை இடத்தில் விலை கேட்டீர்கள் என்றேன். ஒரே இடம். தரகர் யார் என்றேன். முகாமை நிறுவனத்தோடு தொடர்புள்ள நிறுவனம். உங்களுக்கு வரும் தரகுப் பணம் எவ்வளவு என்று கேட்டபோது, ‘அது இந்தத் துறையின் வழக்கம்’ என்று முகாமையாளராக வந்திருந்த பெடியன் சொன்னான். என் மகனை விட இளையவன். கூட்டத்தில் இருந்த எங்கள் ஆட்களே என் சட்டையைப் பிடித்து இழுத்து, ‘அண்ணை, விடுங்கோ’ என்றார்கள்.

நான் விடவில்லை. கணக்குப் புத்தகம் பார்க்க எழுதிக் கேட்டேன். அதற்கும் கட்டணம்: முதல் மணித்தியாலத்துக்கு 31 டொலர், பிறகு ஒவ்வொரு அரை மணிக்கும் 16. சட்டப்படிதான் வாங்கினார்கள், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் என் வீட்டுக் கணக்கைப் பார்க்க நான் காசு கட்டிக்கொண்டு அவர்களின் கந்தோரில் ஒரு மூலைக் கதிரையில் இருந்ததை மறக்க முடியாது. காப்புறுதியின் அடிப்படைக் கட்டணத்தில் 20 வீதம் முகாமை நிறுவனத்துக்குத் தரகு, அதன்மேல் தரகர் கட்டணம் வேறு. இரண்டாம் மாடி நடையில் ஒரு மின்குமிழ் மாற்ற 286 டொலர். முகாமையாளரின் வருடக் கட்டணத்துக்குள் அடங்காத ‘மேலதிக சேவை’ என்று கடிதம் அனுப்பியதற்கும் மின்னஞ்சலுக்குப் பதில் போட்டதற்கும் தனித்தனி வரி.

அந்த வருடம் லெவி, அதாவது கட்டடச் செலவுக்கு ஒவ்வொருவரும் கட்டும் பங்குப் பணம், காலாண்டுக்கு 180 டொலர் கூடியது. கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும் ஓர் அக்கா, ஓய்வூதியம் மட்டும்தான், இரண்டு தடவை பிந்திக் கட்டினார். ஒரு மாதம் தாண்டினால் வருடத்துக்கு 10 வீத வட்டி. நாங்கள் பிந்தினால் வட்டி. அவர்கள் என் கடிதத்துக்கு ஏழு மாதம் பதில் போடாததற்கு ஒன்றும் இல்லை.

நான் ஊரில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கணக்குகளை ஆய்வு செய்தவன். எங்கள் சனசமூக நிலையத்தில் வருடக் கணக்கை எழும்பி நின்று வாசிப்பார்கள். பத்து ரூபாய் இடித்தாலும் விடமாட்டார்கள். அதே சனம் இங்கே ஏழு லட்சம் டொலர் கடனில் வீடு வாங்கிவிட்டு, பொதுக்கூட்ட அறிவித்தலைப் பிரிக்காமல் குப்பையில் போடுகிறது.

சிட்னியின் ஓப்பல் டவர் அடுக்குமாடியில் 2018 நத்தாருக்கு முதல் நாள் சுவரில் வெடிப்பு வந்தபோது படத்தோடு எழுதினீர்கள். 2019இல் மஸ்கொட் டவர்ஸ் அடுக்குமாடி மக்கள் வெளியேற்றப்பட்டபோதும் எழுதினீர்கள். சுவர் வெடித்தால் செய்தி, காசு கசிந்தால் செய்தி இல்லையா? 2024இல் அரச ஊடகமான ஏபிசி இந்த ஸ்ட்ராட்டா முகாமைத் துறையைத் தோண்டி வெளியிட்டதும், செப்டெம்பரில் அதன் ‘ஃபோர் கோர்னர்ஸ்’ நிகழ்ச்சி ஒளிபரப்பியதும் பற்றி உங்கள் பக்கங்களில் ஒரு வரி இல்லை. அப்போது நான் எழுதிய கடிதமும் வரவில்லை. வீடு விற்பவர்களின் விளம்பரம் மட்டும் மாதம் தவறாமல் நடுப்பக்கத்தில் வருகிறது. சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது. முதல் இதழிலிருந்து சந்தா கட்டுபவன் நான்.

2025 பெப்ரவரி 3 முதல் சட்டம் இறுகியிருக்கிறது. தரகையும் தரகர் கட்டணத்தையும், யாரோடு என்ன தொடர்பு என்பதையும் முகாமையாளர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நல்ல விலை தேடுவதில் தன் பங்கு இல்லாவிட்டால் தரகு வாங்கக் கூடாது. நல்லது. ஆனால் தரகு இன்னும் இருக்கிறது. என்னிடம் சம்பளம் வாங்குபவர், என் செலவு கூடினால் தானும் லாபம் அடையும் நிலையில் இருக்கவே கூடாது. நாற்பது பக்க இணைப்பில் முப்பத்தொன்றாம் பக்கத்தில் சொல்லிவிட்டால் அது நேர்மையாகிவிடாது. தரகை முழுதாக நிறுத்தும்வரை மாநில அரசை நாங்கள் நெருக்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது சிறிது. அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்திப் போடுங்கள். யூனிட் வாங்க முன் ஸ்ட்ராட்டா அறிக்கையில், அதாவது கட்டடத்தின் கணக்கையும் பதிவுகளையும் சொல்லும் அறிக்கையில், எதைப் பார்ப்பது, பொதுக்கூட்டத்தில் என்ன கேட்பது என்று தமிழில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். நானே எழுதித் தருகிறேன், பணம் வேண்டாம்.

என் பெயரைப் போட வேண்டாம். அதே நிறுவனம்தான் இன்னும் எங்கள் கட்டடத்தில் இருக்கிறது. அடுத்த மாதம் அவர்களின் ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கு வருகிறது.

இப்படிக்கு,
ஒரு யூனிட் உரிமையாளர்,
வெஸ்ட்மீட், சிட்னி