ஒரு தவசுப்பிள்ளையின் நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மடலை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். வாய்ப் புற்றுநோயோடு நான் கிடந்த நாட்களில் நீங்கள் எனக்கு உதவி செய்தபோதெல்லாம் என்னால் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன், அவ்வளவுதான். சிலருக்கு அதுகூடச் செய்யாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறேன். அந்தக் கடன் இத்தனை நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: தென்காசிப் பக்கம் கல்யாணச் சமையல் என் தொழில். எங்கள் ஊரில் தவசுப்பிள்ளை என்பார்கள். விடிய விடிய கோட்டை அடுப்பு முன்னால் நிற்கும் வேலை. தூக்கம் வராமல் இருக்க வெற்றிலை பாக்கோடு புகையிலையையும் கன்னத்தில் அடக்கிக்கொள்வது இருபத்திரண்டு வருடப் பழக்கம். இடது கன்னத்துக்குள்ளே, அடக்கி வைத்த அதே இடத்தில், புண் வந்தது.

முதலில் பார்த்த மருத்துவர் பல் குத்திய புண் என்று சொல்லி, நான்கு மாதம் சத்து மாத்திரையும் தடவ மருந்தும் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர் பெயர் வேண்டாம். ஆனால் அந்த நான்கு மாதத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. என்னைக் காப்பாற்றியது எங்களுக்கு மளிகைச் சாமான் தரும் கடைக்கார அண்ணாச்சி. பட்டியல் கொடுக்கப் போனவனை டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். “எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு. மூணு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணை வச்சுக்கிட்டு அடுப்பு முன்னால நிக்காதீரும்” என்று சொல்லி, அன்று ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் தன் பையனையே துணைக்கு அனுப்பி வைத்தார். அண்ணாச்சி, உங்களுக்குத்தான் முதல் நன்றி.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். 2023 ஜூலையில் அறுவை சிகிச்சை. கன்னத்தில் எடுத்த இடத்துக்கு மார்புத் தசையைக் கொண்டுவந்து வைத்துத் தைத்தார்கள், கழுத்துக் கட்டிகளையும் எடுத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வைத்து ஒவ்வொரு கவுண்டராக அலைந்து வேலையை முடித்துக் கொடுத்த சமூகப் பணியாளர் அம்மாவுக்கு நன்றி. ரயில் சலுகைப் படிவம் என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்காமலேயே கையெழுத்து வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ஸ்லீப்பரில் எனக்குக் கட்டணம் இல்லை, கூட வந்த மனைவிக்குக் கால் பங்குதான். எத்தனை தடவை போய்வந்தோம் என்று கணக்குப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய உதவி என்று புரியும்.

நான் பார்த்தே இராத இரண்டு பேருக்கும் இந்த இடத்தில் நன்றி சொல்லிவிடுகிறேன். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அந்த மருத்துவமனை. அந்த வளாகத்துக்குள்ளேயே குடியிருந்து, 2021-இல் கண்மூடும் வரை அதற்காகவே வாழ்ந்தவர் டாக்டர் சாந்தா. இலவசமாகவும் குறைந்த செலவிலும் வைத்தியம் பார்த்துக்கொள்ள அங்கே வரிசையில் நிற்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அவர்கள் இருவரும் குலதெய்வம் மாதிரி.

ஆகஸ்ட் 28, திங்கட்கிழமை, கதிர்வீச்சு தொடங்கியது. எங்கள் வார்டில் எல்லோரும் ‘கரண்ட் வைக்கிறது’ என்றுதான் சொல்வோம். வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் 30 தடவை. அதற்கு முன்னால் முகத்துக்கு மாஸ்க் செய்தார்கள். வெந்நீரில் முக்கி எடுத்த பிளாஸ்டிக் வலை, ஈரத்துணி மாதிரி துவண்டு கிடக்கும். அதை முகத்தின் மேல் இழுத்துப் பிடிப்பார்கள். இளஞ்சூடாக இருக்கும், இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகிவிடும். அப்புறம் தினமும் அதை மாட்டி மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். இமையைக்கூட முழுதாகத் திறக்க முடியாது. எனக்கு மூச்சு முட்டியது. முதல் நாள் உடம்பெல்லாம் உதறிவிட்டது. அந்த டெக்னீஷியன் தம்பி மாஸ்க்கைக் கழற்றி உட்கார வைத்து, “ஐயா, கேமராவில் உங்களைப் பார்த்துக்கிட்டேதான் இருப்பேன். கையை மட்டும் தூக்குங்க, உடனே நிறுத்திட்டு ஓடி வந்துடுவேன்” என்றார். முப்பது நாளில் ஒரு தடவைகூட நான் கை தூக்கவில்லை, தம்பி. தூக்கினால் நீங்கள் வருவீர்கள் என்று தெரிந்ததே போதுமாக இருந்தது.

இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் வாய் முழுக்க வெந்து போனது. கொதிக்கும் எண்ணெய் தெறித்த கையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அது மாதிரி ஒரு தோல், ஆனால் வாய்க்குள்ளே. எச்சில் பசை போல இழுத்தது. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா, இரண்டு மணிக்கொரு தடவை கொப்பளிக்கச் சொன்னார்கள். ராத்திரி ஷிப்ட் நர்ஸ் சகோதரி ஒருவர், அதைக் கலந்து கையில் கொடுத்துவிட்டுப் போய்விட மாட்டார். கொப்பளித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, மரத்துப்போகும் மருந்தைத் தடவிவிட்டு, வலி மாத்திரை வேலை செய்கிறதா இல்லையா என்று கேட்டு எழுதிக்கொண்டுதான் போவார். “வலியைப் பொறுத்துக்கிட்டா யாரும் பரிசு தர மாட்டாங்க, சொல்லுங்க” என்று அதட்டுவார். சகோதரி, நீங்கள் அதட்டியதால்தான் நான் தூங்கினேன்.

எடை 71 கிலோவிலிருந்து 59 ஆனது. பதினெட்டாவது கரண்ட் அன்று மூக்கு வழியாக டியூப் போட்டார்கள். ஆயிரம் பேருக்கு இலை போட்டவன் மூக்கு வழியாகக் கஞ்சி குடிக்கிறேனே என்று அன்றைக்கு அழுதேன். உணவியல் ஆலோசகர் அம்மா எழுதிக் கொடுத்தபடி முட்டை, பருப்புத் தண்ணீர், சத்துமாவு எல்லாம் அரைத்து வடிகட்டி, இரண்டு மணிக்கொரு தடவை 200 மில்லி. கேழ்வரகுக் கஞ்சி கெட்டியாகி ஒருநாள் டியூப் அடைத்துக்கொண்டது. வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சில் ஏற்றி மெதுவாக விட்டுச் சரிசெய்யக் கற்றுக்கொண்டது என் மகள். பதினேழு வயது அவளுக்கு. காலாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே மணி பார்த்துப் பார்த்து ஊற்றினாள்.

அக்டோபர் இரண்டாம் வாரம் 30 முடிந்தது. முடிந்துவிட்டது, இனி தேறிவிடும் என்று நினைத்து ஊருக்கு வந்தோம். ஆனால் முடிந்த பிறகு வந்த இரண்டு வாரம்தான் எல்லாவற்றையும் விடக் கொடுமை. கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. இப்படி ஆகும், பயப்படாதீர்கள் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் நாங்கள் உடைந்து போயிருப்போம். டாக்டர், அதற்கு நன்றி.

அந்த வருடத் தீபாவளிக்கு மூக்கில் டியூப்போடு இருந்தேன். எங்கள் தெருவில் ஒருவர்கூட பலகாரத் தட்டோடு வரவில்லை. இளநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு மதினி எண்ணெய்ச் சட்டியை அன்று புறவாசலில் வைத்துத்தான் முறுக்கு சுட்டார். என்னை மனதில் வைத்துச் செய்தது என்று எனக்குத் தெரியும், மதினி.

என் மனைவிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் எழுதுகிறேன். மூன்று மாதம் எங்கள் வீட்டில் கடுகு வெடிக்கிற சத்தமே கேட்கவில்லை. தாளிக்கிற வாசனை வந்தால் எனக்கு ஏக்கம் வரும், சாப்பிடவும் முடியாது என்று, அவளும் மகளும் ரசத்தைக்கூடத் தாளிக்காமல் சாப்பிட்டிருக்கிறார்கள். அவள் அதைச் சொல்லவே இல்லை. சமையல்காரன் காது, நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

58 நாளுக்குப் பிறகு டியூபை எடுத்தார்கள். விழுங்க முடிந்தது, ஆனால் ருசி இல்லை. சோறு மரத்தூள் மாதிரி, தண்ணீர் இரும்பு மாதிரி இருந்தது. நாக்கை நம்பிப் பிழைக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய பயம் என்ன இருக்கிறது? தை மாதம் ஒருநாள் என் மனைவி சொதி வைத்தாள். எங்கள் பக்கம் கல்யாண மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற சொதி. பச்சைமிளகாய், இஞ்சி, எலுமிச்சை மூன்றையும் விட்டுவிட்டு, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் குழைய வேகவைத்து, தேங்காயின் தலைப்பால் மட்டும் கடைசியில் ஊற்றி இறக்கினாள். இரண்டாவது கரண்டியில், நாக்கின் வலதுபக்க ஓரத்தில், தேங்காய்ப்பால் இனிப்பு லேசாகத் தெரிந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

உப்பு வர இன்னும் நாளானது. மாசியில் சின்னதாக ஒரு நிச்சயதார்த்தச் சமையலை ஒத்துக்கொண்டபோது எனக்கு உப்பு சரியாகத் தெரியாது. என்னிடம் தொழில் பழகிய தம்பி ஒவ்வொரு அண்டாவிலும் ருசி பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் என்னைப் பார்த்துக் கண்ணால் சொன்னான். நான் படுத்திருந்த மாதங்களில் ஆர்டர்களை அவன்தான் எடுத்து நடத்தினான், என் பங்கை மாதா மாதம் வீட்டில் கொண்டு வந்து கொடுத்தான். எங்கள் குழுவில் மூன்று பேர் புகையிலையை விட்டுவிட்டார்கள். மற்ற இரண்டு பேரும் விட வேண்டும், தம்பிகளா. கேட்டுக்கொள்கிறேன்.

வாய் திறப்பதற்கு ஐஸ் குச்சிகளைக் கற்றையாக அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைக்கப் பழக்கிக் கொடுத்த பிசியோதெரபி மருத்துவருக்கு நன்றி. ஒன்பது குச்சியில் தொடங்கினேன், இப்போது பதினாறு. ஒரு வாரம் விட்டால் இரண்டு குச்சி குறைந்துவிடும், அதனால் விடுவதில்லை. வாய் இன்னும் காய்கிறது, தண்ணீர் பாட்டில் கூடவே வருகிறது. போன வருடம் கடைவாய்ப் பல் வலித்து உள்ளூர்ப் பல் மருத்துவரிடம் போனேன். ஊசி போடும் முன் கழுத்துத் தழும்பைப் பார்த்து, “கரண்ட் வச்சிருக்கீங்களா?” என்று கேட்டு, பல்லைப் பிடுங்காமல் சென்னைக்கு போன் போட்டுப் பேசினார். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குறைவு, பிடுங்கினால் புண் ஆறாமலே போகலாம் என்று எனக்கு எடுத்துச் சொன்னார். வேர் சிகிச்சையோடு முடிந்தது. ஐயா, அந்த ஒரு கேள்விக்கு ஆயிரம் நன்றி. அதே போல, கழுத்துப் பக்கம் பிளேடு படாமல் மெஷினால் மட்டும் ஒதுக்கிவிட்டு, தாடி முளைக்காத இடத்தைப் பற்றி இன்றுவரை ஒரு கேள்வி கேட்காத சலூன்காரத் தம்பிக்கும்.

கடைசியாக, பக்கத்துக் கட்டிலில் இருந்த இராமநாதபுரத்து அண்ணாச்சிக்கு. நாம் இருவரும் ஒரே நாளில் தொடங்கினோம். தினமும் சாயங்காலம் பேச முடியாமல் விரலால் எண்ணிக் காட்டிக்கொள்வோம், ஏழு முடிந்தது, எட்டு முடிந்தது என்று. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு விழுங்கும் பயிற்சியை எனக்கு வராதபோது எதிரே உட்கார்ந்து செய்து காட்டியவர் நீங்கள். உங்கள் போன் ஒரு வருடமாக அணைந்து கிடக்கிறது. இதை உங்கள் வீட்டில் யாராவது படித்தால் ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்கள், நான் கூப்பிடுகிறேன். முடிந்தால் தென்காசிக்கு ஒருதரம் வாருங்கள். சொதி வைக்கிறேன், இஞ்சி போடாமல்.