வேலியின் உயரத்தை எந்தத் தரையிலிருந்து அளப்பது?

குடியிருப்போர் சங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். முன்புறம் 4 அடி, பக்கவாட்டிலும் பின்புறமும் 6 அடி. வேலி பற்றி நம் விதி சொல்வது இவ்வளவுதான். இந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு, சரிவில் இருக்கும் இரு வீடுகளில் மேல் வீட்டாருக்கு வேலியை அகற்றச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறீர்கள். அதை நிறுத்திவையுங்கள், முதலில் விதியை முழுமையாக எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இரு வீட்டாரையும் கேட்டுக்கொண்டு அந்த வேலியை அளந்து பார்த்தேன். மேல் வீட்டுத் தரையிலிருந்து 5 அடி 8 அங்குலம். கீழ் வீட்டுத் தரையிலிருந்து 7 அடி 10 அங்குலம். நடுவில் மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர் மட்டும் 2 அடி 2 அங்குலம். மேல் வீட்டார் விதியை மீறவில்லை என்கிறார். அவர் தரையில் நின்று பார்த்தால் அது உண்மை. கீழ் வீட்டம்மா மீறல் என்கிறார். அவர் தரையில் நின்று பார்த்தால் அதுவும் உண்மை. எந்தப் பக்கத்து மட்டம் கணக்கு, தாங்குசுவரைச் சேர்ப்பதா விடுவதா என்று விதி சொல்லாதபோது, ஒருவரை மட்டும் குற்றவாளியாக்குவது எப்படி நியாயமாகும்? பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 663ஆம் பிரிவு எல்லைச் சுவருக்கு உயரம் சொல்லும்போது, சுவரின் மேல்மூடியையும் சேர்த்து என்று குறிப்பிடுகிறது. சண்டை எந்த அங்குலத்தில் வரும் என்று தெரிந்து எழுதிய விதி அது.

கீழ் வீட்டம்மாவின் குறை வீண் புகார் அல்ல. சூரியன் 30 பாகை உயரத்தில் வேலிக்கு நேர் பின்னால் இருக்கும்போது, 7 அடி 10 அங்குல வேலியின் நிழல் ஏறத்தாழ பதின்மூன்றரை அடிக்கு நீளும். அவருடைய பின்முற்றத்தின் அகலமே 12 அடிதான். காலையில் அவர் துணி உலர்த்தும் இடத்தில் வெயிலே விழுவதில்லை. மேல் வீட்டாரின் காரணமும் நியாயமானது. வேலி இல்லாவிட்டால் அவர் வீட்டுக் குழந்தை தாங்குசுவரின் விளிம்பிலிருந்து விழக்கூடும். தடுப்பு வேண்டும், அடைப்பு வேண்டியதில்லை. மேல் இரண்டடியை மட்டும் இடைவெளி விட்ட சட்டங்களாக மாற்றினால் வெளிச்சம் வரும். காற்றும் வேலியை அவ்வளவு தள்ளாது. முழுக்க அடைத்த வேலியை 4 அடியிலிருந்து 6 அடியாக உயர்த்தினால், அதே காற்றில் அதன் அடியில் விழும் நெம்புவிசை இரண்டே கால் மடங்காகிறது. பழைய கம்பங்களின் மேலேயே தகரத்தை ஏற்றிக் கட்டியிருக்கும் மற்ற வீட்டாரும் இதைக் கவனிக்க வேண்டும். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று இரு வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசும் வேலையைத்தான் குழு செய்திருக்க வேண்டும். நோட்டீஸ் போனதிலிருந்து அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை தெருமுனை. அங்கே முன்வேலி சரியாக 4 அடி, முழு அடைப்பு. விதிப்படி அதில் குற்றமே இல்லை, யாரும் புகாரும் தரவில்லை. ஆனால் சாலை வடிவமைப்பில் காரோட்டியின் கண் உயரத்தை அமெரிக்காவில் 1.08 மீட்டர் என்று கொள்கிறார்கள். அதாவது மூன்றரை அடி. 4 அடி அடைப்புக்குப் பின்னால் சைக்கிளில் வரும் சிறுவனின் தலைகூட அவருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் வண்டிகள் ஓடும் சாலையை ஒட்டிய வேலி 1 மீட்டரைத் தாண்டினால் திட்ட அனுமதி வாங்க வேண்டும். மற்ற இடங்களில் 2 மீட்டர் வரை விட்டுக்கொடுக்கிறார்கள். நாம் நேர்மாறாக, உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் தளர்வாகவும், இரு வீட்டார் பேசித் தீர்க்கக்கூடிய இடத்தில் கறாராகவும் இருக்கிறோம்.

புகார் வந்தால் மட்டுமே அளப்போம் என்ற வழக்கத்தையும் விடுங்கள். இங்கே 6 அடிக்கு மேல் நிற்கும் வேலிகள் இன்னும் பல உண்டு. அக்கம்பக்கத்தார் இணக்கமாக இருப்பதால் அவை உங்கள் கண்ணில் படவில்லை. அண்டை வீட்டார் மனக்கசப்பு கொண்டால்தான் விதி செயல்படும் என்றால், அது மனக்கசப்புக்குக் கிடைத்த கருவியாகிவிடும்.

ஆகவே அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் எல்லா வேலிகளையும் ஒரே முறையில் அளந்து பட்டியல் வையுங்கள். சரிவான மனைகளில் அளவு எங்கிருந்து தொடங்கும், தாங்குசுவர் கணக்கில் வருமா என்று எழுத்தில் கொண்டு வாருங்கள். தெருமுனையிலும் கேட்டை ஒட்டியும் 3 அடிக்கு மேல் எந்த அடைப்பும் கூடாது என்று தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்; அந்தத் தெருமுனை வேலியைக் குறைக்கும் செலவைச் சங்க நிதியிலிருந்தே கொடுக்கலாம், அந்த வீட்டார் நம் விதியை நம்பிக் கட்டியவர். அளக்கும் வேலைக்கு ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
இதே தெருவில் குடியிருக்கும் சங்க உறுப்பினர்