டியர்டிராப் டிரெய்லருக்கு வரைபடம் போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கரடுமுரடான பாதையில் வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகிற டியர்டிராப் டிரெய்லருக்கு (உள்ளே படுக்கையும் பின்னால் சமையல் மேடையும் கொண்ட, கண்ணீர்த்துளி வடிவச் சின்னப் பெட்டி) நீங்கள் போடும் வரைபடத்தை வைத்துத்தான் நாங்கள் அறுக்கிறோம், ஒட்டுகிறோம், வெல்டிங் வைக்கிறோம். பக்கச் சுவரின் வளைவுக்குப் புள்ளி புள்ளியாக அளவு தருகிறீர்கள். அலமாரிக்குத் தனித் தாள், மசாலா டப்பா வைக்கும் தட்டுக்குக்கூட அளவு. எடைக்கணக்குக்கு மட்டும் ஒரு வரி கிடையாது. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

டியர்டிராப்பின் உடல் பெரும்பாலும் 2440க்கு 1220 மி.மீ., அதாவது ஒரு முழு பிளைவுட் பலகை. படுக்கை முன்னால், சமையல் மேடை பின்னால். பயணத்துக்கு ஏற்றுகிற கனமெல்லாம் ஆக்சிலுக்கு, அதாவது சக்கர அச்சுக்கு, பின்னால் போய் உட்காருகிறது. டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு இணைக்கும் பந்துக் கொக்கி மேல் இறங்கும் எடை மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருந்தால் நல்லது. அது குறையக் குறைய, வேகம் ஏறும்போது டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலி டிரெய்லர் 550 கிலோ, கொக்கியிலிருந்து ஆக்சில் 3000 மி.மீ., கொக்கி எடை 70 கிலோ. 12.7 சதவீதம், பட்டறை வாசலில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இப்போது சாமான் ஏற்றுங்கள். ஆக்சிலுக்கு 800 மி.மீ. பின்னால் 35 கிலோ ஃபிரிட்ஜ்: கொக்கியில் 9 கிலோ குறைந்தது. 700 மி.மீ. பின்னால் 60 லிட்டர் தண்ணீர்: 14 கிலோ போனது. 900 மி.மீ. பின்னால் அடுப்பும் பாத்திரமும் 20 கிலோ: இன்னொரு 6. மொத்த எடை 665 ஆக ஏறிவிட்டது, கொக்கி எடையோ 41க்கு இறங்கிவிட்டது. ஆறு சதவீதம்தான்! செய்தவர் எதையும் தப்பாக அறுக்கவில்லை. வரைபடம் காலி வண்டிக்குப் போட்டது, அவ்வளவே.

தண்ணீர்த் தொட்டியை ஆக்சிலுக்கு நேர் மேலே கொண்டுவந்தால் அந்த 14 கிலோ திரும்பக் கிடைக்கும். தொட்டி நிறைந்திருந்தாலும் காலியானாலும் கொக்கி எடை மாறாது. சமையல் மேடைக்கடியில் இருக்கும் 12 கிலோ பேட்டரியை உடலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்கு மாற்றினால் இன்னொரு 10 கிலோ. இந்த இரண்டு மாற்றத்திலேயே பத்து சதவீதத்தைத் தொட்டுவிடலாம். ஆக்சிலை 50 மி.மீ. பின்னால் தள்ளினாலும் ஏறத்தாழ 10 கிலோ கூடும். அதனால்தான் சொல்கிறோம்: ஆக்சில் இருக்குமிடத்தை ஒற்றை எண்ணாகப் போடாதீர்கள். உடலின் முன்விளிம்பிலிருந்து 1400 முதல் 1550 மி.மீ. வரை நகர்த்த இடம் விட்டு, போல்ட்டில் மாட்டும்படி வரையுங்கள். எடை பார்த்த பிறகு இறுக்கிக்கொள்கிறோம்.

அடுத்தது ஆக்சிலின் தாங்குதிறன். கரடுமுரடான பாதைதானே என்று 1500 கிலோ தாங்கும் ஆக்சிலையும் அதற்கேற்ற ஸ்பிரிங்கையும் பரிந்துரைப்பது வழக்கமாகிவிட்டது. 665 கிலோ டிரெய்லருக்கடியில் அந்த ஸ்பிரிங் அசையவே அசையாது. பள்ளத்தில் சக்கரம் மட்டும் ஏறி இறங்குவதற்குப் பதிலாக வண்டியே துள்ளும். அலமாரித் தாழ் திறந்துகொள்ளும், போல்ட்டு தளரும், விளக்கின் சாலிடர் விட்டுப்போகும். வலு வேண்டியது சக்கரம் மாட்டும் ஹப்பிலும் பேரிங்கிலும்; ஸ்பிரிங் மென்மையாகத்தான் இருக்க வேண்டும். நிறைந்த எடைக்கு மேல் 20, 30 சதவீதம் போதும், இங்கே 800 முதல் 900 கிலோ. ரப்பர் டார்ஷன் ஆக்சில் (ஸ்பிரிங்குக்குப் பதில் உள்ளே இருக்கும் ரப்பர் அதிர்வைத் தாங்குவது) இடத்தை அடைக்காது, பராமரிப்பும் குறைவு. ஆனால் காட்டுக்குள் உடைந்தால் அங்கே வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இரும்புப் பட்டைகளை அடுக்கிய பட்டை ஸ்பிரிங் பழைய சமாசாரம்தான், ஆனால் ஒரு பட்டை முறிந்தாலும் கட்டி ஓட்டி வந்துவிடலாம். எங்கள் ஓட்டு பட்டைக்கு. சக்கரமும் போல்ட் வட்டமும் (சக்கர போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் அளவு) இழுக்கும் வண்டியுடையதாகவே இருந்தால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும் என்பதையும் வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்.

கொக்கியிலிருந்து சேசிஸுக்கு வரும் இழுவைக் குழாய் விரிசல் விடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: சேசிஸின் முன் குறுக்குக் குழாயைத் தாண்டும் இடம். வளைவு விசை அங்கேதான் அதிகம். உங்கள் தாளில் அந்த இடத்தில் ‘சுற்றிலும் வெல்டிங்’ என்று குறி போட்டிருக்கிறீர்கள். மேல் முகத்திலும் கீழ் முகத்திலும் குறுக்கே ஓடும் வெல்டிங் அங்குள்ள இரும்பைப் பலவீனப்படுத்தி, விரிசலுக்குக் கோடு கிழித்துக் கொடுக்கிறது. பக்கவாட்டில் நீளவாக்கில் மட்டும் வெல்டிங் காட்டுங்கள். இழுவைக் குழாய் முன் குறுக்கோடு நிற்காமல் அடியில் ஓடி, ஸ்பிரிங் மாட்டும் குறுக்குக் குழாய் வரை போகட்டும். அந்தப் பகுதியில் மேலும் கீழும் ஒரு துளைகூட வேண்டாம், ஒயர் கிளிப்புக்காக இருந்தாலும் சரி.

மின்சாரத்துக்கு இரண்டே வரி. விளக்குக்கான எர்த்தைக் கொக்கி வழியாக விடாதீர்கள், தனி ஒயர் போடுங்கள். கிரீஸும் துருவும் சேர்ந்தால் பிரேக் லைட் மினுக்கும். ஒற்றைக் கம்பி ஒயர் அதிர்வில் முறியும், பல இழை ஒயர்தான் வேண்டும். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் இருக்கட்டும்.

தண்ணீர் புகுவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். கூரைத் தகடு சுவர் விளிம்பில் மடங்கும் இடத்தில் அலுமினியப் பட்டி, அதில் வரிசையாக ஸ்க்ரூ. ஒவ்வொரு ஸ்க்ரூவும் பிளைவுட்டின் வெட்டு முகத்துக்குள் இறங்குகிறது. ஒரு சொட்டு உள்ளே போனால் அந்த முகம் திரிபோல் உறிஞ்சும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், விரலால் அழுத்தினால் ரொட்டிபோல் அமுங்கும். ‘சிலிக்கான் பூசவும்’ என்பது தீர்வல்ல. பள்ளத்தில் உடல் முறுக்கும்போது சிலிக்கான் ஓரத்தில் விடுபடும். அது ஒட்டியிருந்த இடத்தில் பிறகு வேறெதுவும் சரியாக ஒட்டாது. 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு முதலில் 8 மி.மீ. துளை, அதைக் கெட்டியான எபாக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் 3 மி.மீ. துளை. பட்டிக்கடியில் பியூட்டைல் டேப், அதாவது பிசுபிசுப்பான ரப்பர் நாடா. இப்படிச் செய்தால் ஸ்க்ரூவோரம் கசிந்தாலும் மரத்தைத் தொடாது.

பின்கதவைத் தனியாகச் செய்து மாட்டச் சொல்லாதீர்கள். வளைத்த பலகை அச்சிலிருந்து எடுத்ததும் நிமிரப் பார்க்கும். கீழ்விளிம்பில் இடைவெளி விழும், புழுதி முழுக்க அதன் வழியேதான் வரும். பின்கதவு இருக்குமிடத்திலேயே, உடலோடு ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் பிளாஸ்டிக் தாள் விரித்து, கதவின் வளைவுக்கு அறுத்த விலாக்கட்டையின் மேல் இரண்டு 3 மி.மீ. பலகையைப் பசையோடு சேர்த்து ஒட்டி, நன்றாக இறுகிய பிறகே வெளியே எடுக்க வேண்டும். விலாக்கட்டையின் வளைவு சற்று இறுக்கமாகவே இருக்கட்டும்.

காற்றுக்குக் கூரையில் ஒரு திறப்பு மட்டும் காட்டுகிறீர்கள். தாழ்வாக இன்னொன்று இல்லாமல் காற்று ஓடாது. இரண்டு பேர் மூச்சுவிடும் அந்தச் சின்னப் பெட்டியில் விடியும்போது சுவர் வேர்த்திருக்கும். உள்ளே கேஸ் அடுப்போ ஹீட்டரோ கூடாது என்பதைச் சிவப்பு எழுத்தில் போடுங்கள்.

கடைசித் தாளில் ஒரு காலி அட்டவணை வேண்டும்: பொருள், எடை, ஆக்சிலிலிருந்து தூரம், கொக்கியில் கூடுவது அல்லது குறைவது. அதற்குக் கீழே எடை பார்க்கும் முறை: சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தண்ணீரும் சாமானும் ஏற்றி, இழுக்கும்போது கொக்கி இருக்கும் அதே உயரத்துக்கு ஒரு கட்டையை ஆள் எடை பார்க்கும் மெஷின்மேல் நிறுத்தி, அதன்மேல் கொக்கியை இறக்க வேண்டும். காட்டும் எண்ணிலிருந்து கட்டையின் எடையைக் கழிக்கச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரைபடத்தை இரும்பிலும் மரத்திலும் செய்து பார்ப்பவர்கள்