நின்றுபோன நொதித்தலுக்குச் சர்க்கரை மருந்தன்று

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பியர் தயாரிக்க 1963 முதல் உரிமம் தேவையில்லை. லண்டனில் பல ஆண்டுகளாக அதைச் செய்துவரும் நான், நொதித்தல் பாதியில் நின்றால் சர்க்கரை சேர்க்குமாறு தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஆலோசனையை மறுக்க விரும்புகிறேன்.

நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் சர்க்கரைக் குறைவு அன்று. சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட், குளிரில் சோர்ந்து அடியில் படிந்துவிடுவதே. சென்ற ஜனவரியில் 1.050 அடர்த்தியில் (தண்ணீருக்கு 1.000; சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற இது இறங்கும்) தொடங்கிய என் பியர் 1.022இல் மூன்று நாள் அசையாமல் நின்றது. கலத்தை வெப்பமான அறைக்கு மாற்றி, 20 டிகிரியில் வைத்து, காற்றுக் கலக்காதபடி மெல்லச் சுழற்றி ஈஸ்ட்டை எழுப்பிய பிறகு, ஐந்து நாளில் 1.012க்கு இறங்கியது. அப்படியும் இறங்காவிட்டால், நுரைத்து எழும் புது ஈஸ்ட்டைச் சேர்க்கலாம். ஆனால் தொடக்கத்தில் மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியத்தை) 70 டிகிரி அளவிலான வெந்நீரில் ஊறவைத்திருந்தால், சாதாரண பியர் ஈஸ்ட்டால் உண்ண முடியாத சர்க்கரை மிகுந்துவிடும். அங்கே புது ஈஸ்ட்டும் உதவாது.

குமிழி நின்றதைக் கொண்டு முடிவெடுக்காமல் அடர்த்தியைக் காட்டும் கருவியான ஹைட்ரோமீட்டரால் அளக்க வேண்டும். பாதியில் நின்ற பியரைப் போத்தலில் அடைத்தால், பின்னர் ஈஸ்ட் விழித்து, அழுத்தத்தால் போத்தல் வெடிக்கக்கூடும்; கண்ணாடிச் சிதறல் கண்ணையே பறித்துவிடும். இந்த எச்சரிக்கையையேனும் அடுத்த இணைப்பில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
லண்டன் வாசகர் ஒருவர்